நேர்த்திக்கடனும் பூமிக்கடனும்

தைப்பூசத் திருநாளில் பத்துமலையின் 272 படிகளும் பக்தர்களின் பாதங்களால் நிறைகின்றன. பினாங்கில் தண்ணீர்மலையான் திருவடி தேடி மக்கள் மலையேறுகின்றனர். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை காவடிகள் அணிவகுக்கின்றன. நோயினின்றும் மீண்ட தாய், நெடுநாள் காத்திருந்து மழலைச் செல்வம் பெற்ற தம்பதியர், வேலை கிடைத்த இளைஞர் என ஒவ்வொருவர் சுமக்கும் பால்குடத்தின் பின்னாலும் ஒரு வாழ்க்கைக் கதை இருக்கிறது. கேட்டதைக் கந்தன் கொடுத்தான். கொடுத்தவனுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் இருக்கலாகாது என்ற உணர்வே அவர்களை வெறுங்காலுடன் நடக்க வைக்கிறது.

நேர்த்திக்கடன் என்னும் சொல்லுக்குள்ளேயே கடன் இருக்கிறது. வாக்குக் கொடுத்தபின் அதை நிறைவேற்றாமல் காலங்கடத்துவது பெருங்குற்றம் என்று இச்சமுதாயத்தின் எளிய மனிதரும் அறிவர். வறுமையிலும் சிறுகச் சிறுகச் சேமித்துக் காவடிச் செலவைத் தேடிக்கொண்ட தோட்டப்புறத் தொழிலாளர் தலைமுறைகளின் வரலாறு இதற்குச் சான்று. இறைவனிடம் பட்ட கடனைத் தீர்ப்பதில் இத்துணைக் கண்டிப்புள்ள சமுதாயம், அவன் படைத்த பூமியிடம் பட்டிருக்கும் கடனை எண்ணிப் பார்த்திருக்கிறதா? இத்திருநாளில் எழ வேண்டிய வினா இதுவே.

வானம் மாறிய கதை

தொழிற்புரட்சிக்கு முன்பு, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்கு கரியமில வாயு இருந்தது. நிலக்கரி, பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரித்ததாலும் காடுகளை அழித்ததாலும் அது இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. இந்த வாயு பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் போர்வையைப்போல் மூடிக்கொள்கிறது. உலகின் சராசரி வெப்பநிலை உயர்வைத் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையிலிருந்து 1.5 பாகைக்குள் நிறுத்த முயல்வதென 2015ஆம் ஆண்டு பாரிஸ் மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2024ஆம் ஆண்டிலேயே ஓராண்டின் சராசரி அந்த அளவைக் கடந்துவிட்டதாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஓராண்டு கடந்ததனால் இலக்கே கைநழுவிப் போயிற்று என்று பொருளில்லை. ஆயினும் எச்சரிக்கை மணி மிக அருகில் ஒலிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இது எங்கோ துருவப் பனிக்கரடிகளுக்கு நேரும் துன்பம் என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்திற்குரிய மழை ஏறத்தாழ ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி நின்று மக்கள் உதவிக்குக் குரல் கொடுத்தனர். நாடு முழுவதிலும் அவ்வெள்ளப் பருவத்தில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொருளிழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. வெள்ளம் வடிந்தபின் வீதியோரத்தில் குவிந்து கிடந்த மெத்தைகளுக்கும் பள்ளிப் புத்தகங்களுக்கும் இடையே, சேற்றில் தோய்ந்த பூசையறைப் படங்களும் கிடந்தன.

ஒரு வெள்ளத்தையோ ஒரு புயலையோ தனியே சுட்டிக்காட்டி அது முழுவதும் வெப்பமாதலின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. வடிகால் குறையும் முறையற்ற நிலமேம்பாடும் அங்கே பங்கு வகிக்கின்றன. ஆனால், காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுகிறது என்பது இயற்பியல் விதி. ஆகவே பெய்யும்போது மழை பேய்மழையாகிறது; பொய்க்கும்போது வறட்சி கடுமையாகிறது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு, கடல் மட்டத்திற்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்திலேயே உள்ளது. இந்நூற்றாண்டின் முடிவில் அத்தீவைச் சுற்றியுள்ள கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என அங்கு 2024இல் வெளியிடப்பட்ட ஆய்வு கணித்திருக்கிறது. அன்று இருக்கப்போகிறவர்கள் இன்று தந்தையின் தோளில் அமர்ந்து காவடி பார்க்கும் குழந்தைகளே.

மழைக்குப் பின்னரே விழா

சமயத்திற்கும் வானிலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உண்டு. தமிழர் மரபு இக்கேள்விக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறியிருக்கிறது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வைத்த அதிகாரம் வான்சிறப்பு. மழை பொய்த்துவிட்டால் வானோருக்குச் செய்யும் திருவிழாவும் அன்றாடப் பூசையும் நின்றுபோகும் என்று அங்கே அவர் கூறுகிறார். விழாவே மழையை நம்பித்தான் இருக்கிறது என்று உணர்ந்த இனத்தின் வழித்தோன்றல்கள், அந்த வானத்தைக் கெடுத்துக்கொண்டே விழாவைப் பெருக்குவது பொருந்துமா?

முருக வழிபாட்டுக்கு இயற்கையின்றி முகவரியே இல்லை. காட்டிலும் சோலையிலும் ஆற்றிலும் குளத்திலும் அவன் உறைகிறான் என்று திருமுருகாற்றுப்படை பட்டியலிடுகிறது. பினாங்கு முருகனைத் 'தண்ணீர்மலையான்' என்றே அழைத்தார்கள் தமிழர்கள். அருவியின் பெயர் ஆண்டவனின் பெயராயிற்று. ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்கள் கோபுரம் கட்டப் பொருளின்றி, ஓர் அரசமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டார்கள். இந்நாட்டின் பல ஆலயங்களுக்கு முதற்கருவறை மரநிழலே.

பத்துமலையும் இவ்வகையில் ஒரு பாடத்தைத் தாங்கி நிற்கிறது. 1891இல் தம்புசாமிப் பிள்ளை அக்குகையில் வேல் நாட்டுவித்து, 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருவதை அனைவரும் அறிவர். அந்தக் குன்று சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சுண்ணாம்புக்கல் என்பதைப் பலர் அறியார். பண்டைக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியது அது. தூய சுண்ணாம்புக்கல்லின் எடையில் ஏறக்குறைய 44 விழுக்காடு, கல்லாக உறைந்த கரியமில வாயுவே. அதைச் சூளையிலிட்டுச் சிமெண்ட் ஆக்கும்போது அந்த வாயு விடுபட்டு வானேறுகிறது. உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7 அல்லது 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருவது. ஒரு காலத்தில் பத்துமலைக் குன்றிலும் கல்லுடைப்பு நடைபெற்றது. அதன் தழும்புகளை இன்றும் காணலாம். 1980களில் அது நின்றது. நின்றதனாலேயே மலை பிழைத்தது; அங்குள்ள கோயிலும் பிழைத்தது. போதும் என்று நிறுத்தும் இடத்தில்தான் பாதுகாப்புத் தொடங்குகிறது.

வினையும் விளைவும்

இந்து சமயத்தின் அடித்தளங்களுள் ஒன்று வினைக் கோட்பாடு. விதைத்தவனே அறுப்பான் என்பது அதன் சாரம். வானில் சேரும் கரியமில வாயுவுக்கும் வினையின் இயல்பு உண்டு. செய்த கை மறந்தாலும் செய்த செயல் மறையாது. இன்று வெளியேறும் வாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வானிலேயே தங்கும். ஆனால் இங்கே ஒரு கொடிய வேறுபாடு இருக்கிறது. வினை செய்தவர் ஒருவர், பயனை நுகர்பவர் வேறொருவர். குளிரூட்டிய அறையில் இருப்பவரின் மின்சாரத்துக்கு, வெயிலில் செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளி விலை கொடுக்கிறார். இன்றைய தலைமுறையின் வசதிக்கு, இன்னும் பிறவாத பேரக்குழந்தை விலை கொடுக்கப்போகிறது.

தந்தை பட்ட கடனைப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டுப் போவதைத் தமிழ்க் குடும்பங்கள் மானக்கேடாகக் கருதி வந்துள்ளன. நிலத்தை விற்றாவது கடனைத் தீர்த்துவிட்டுக் கண்மூட நினைத்தவர்கள் அவர்கள். அந்த மான உணர்வு வீட்டுக் கணக்கோடு நின்றுவிடலாமா? வானத்தில் எழுதப்படும் இந்தக் கடன் சீட்டில், கையெழுத்திடாத குழந்தைகளே கடனாளிகளாகின்றனர். வினையை நம்பும் எவரையும் உறங்கவிடாமல் செய்ய வேண்டிய அநீதி இது.

உலகச் சமயங்கள் இதை உணரத் தொடங்கிச் சில பதின்மங்கள் ஆகிவிட்டன. 1986இல் இத்தாலியின் அசிசி நகரில் ஐந்து சமயங்களின் பிரதிநிதிகள் கூடி இயற்கையைக் காப்பது குறித்துத் தத்தம் அறிக்கைகளை வெளியிட்டனர். இந்து சமய அறிக்கையை அங்கு வழங்கியவர் டாக்டர் கரண் சிங். 2015இல் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் போப்பாண்டவர் பிரான்சிஸ் இதன்பொருட்டு ஒரு சுற்றுமடலை எழுதினார். அதே ஆண்டில் இஸ்தான்புல்லில் இஸ்லாமிய அறிஞர்கள் பிரகடனம் செய்தனர். இந்துக்களின் பிரகடனமும் 2009இல் ஒருமுறையும் 2015இல் மீண்டும் ஒருமுறையும் வெளிவந்தது. பிரகடனங்களுக்குப் பஞ்சமில்லை. ஆலயத்தின் மடப்பள்ளியிலும் மின்சாரக் கட்டணச் சீட்டிலும் அவை எதிரொலித்திருக்கின்றனவா என்பதே கேள்வி.

மூன்று சமாதானங்கள்

இதைப் பேசும்போதெல்லாம் மூன்று சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் அவன் செயல், முருகன் பார்த்துக்கொள்வான் என்பது முதலாவது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முருகனுக்கு வேண்டிக்கொண்ட அதே தாய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கும் ஓடுகிறாள். அவளுடைய பக்தி அதனால் குறைந்துவிடவில்லை. ஓடுவதற்குக் கால்களைக் கொடுத்தவனும் அவனே என்று அவளுக்குத் தெரியும். பூமியின் காய்ச்சலுக்கு மட்டும் வேண்டுதல் போதும் என்பது பக்தியாகாது.

பணக்கார நாடுகள் செய்த பாவத்துக்கு மற்றவர் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. மேலை நாடுகள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக எரித்த நிலக்கரியின் பங்கு பெரிது. அவை கூடுதல் சுமை ஏற்பதே நீதி. ஆனால் இன்று மலேசியரும் சிங்கப்பூரரும் தலைக்கு வெளியேற்றும் கரியமில வாயு, உலகச் சராசரியைவிட மிகுதி. இந்தியச் சராசரியைப்போல் பல மடங்கு. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை, நாகைப் பகுதிகளில் வீழ்ந்த தென்னைகளுக்கு இங்கே உறவினர் பலர் கண்ணீர் வடித்தனர், நிதி திரட்டினர். அந்தத் தென்னை விவசாயியின் கண்ணில், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாழும் உறவினரும் பணக்கார நாட்டவரே.

சிறுபான்மைச் சமுதாயம் என்ன செய்துவிட முடியும் என்பது மூன்றாவது. தன் பங்குக் கடனைத் தீர்க்க எவரும் பெரும்பான்மையாக இருக்க வேண்டியதில்லை. காவடி எடுப்பவர், ஊரார் எல்லாரும் எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எடுப்பதில்லை. 2021 வெள்ளத்தின்போது ஆலயங்களும் குருத்துவாராக்களும் பள்ளிவாசல்களும் யார் எவர் என்று பாராமல் சமைத்துக் கொடுத்தன. துன்பம் வந்தபின் ஒன்றுகூடத் தெரிந்தவர்களுக்கு, துன்பம் வருமுன் ஒன்றுகூடவும் இயலும்.

விரதம் காட்டும் வழி

என்ன செய்வது என்பதில் முதலில் ஒரு தெளிவு வேண்டும். தைப்பூசம் முடிந்தபின் வீதியில் சிதறிக் கிடக்கும் நெகிழிப் போத்தல்களும் பாலிஸ்டிரின் தட்டுகளும் வெட்கத்திற்குரியவை. அவற்றைத் தவிர்ப்பது கட்டாயம். எனினும் குப்பை வேறு, வெப்பம் வேறு. வீதியைக் கூட்டிவிட்டால் வானம் தூய்மையாகிவிடாது. எரிபொருள், மின்சாரம், உணவு ஆகிய மூன்றில்தான் வெப்பக் கடனின் பெரும்பகுதி இருக்கிறது.

மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துப் பெறப்படுவது. சிங்கப்பூரில் ஏறக்குறைய 95 விழுக்காடு எரிவாயுவால் வருவது. ஆகவே ஆலயத்தில் தேவையின்றி எரியும் ஒவ்வொரு அலங்கார விளக்கும், இரவெல்லாம் உறுமும் டீசல் மின்னாக்கியும் வானக் கணக்கில் ஏறுகின்றன. கூரையெங்கும் வெயில் காயும் ஆலயங்களும் திருமண மண்டபங்களும் சூரிய மின்தகடுகளை எண்ணிப் பார்க்கலாம். சூரியனை வணங்கிப் பொங்கலிடும் மக்களுக்கு அது அந்நியமான தொழில்நுட்பமன்று. திருமலை திருப்பதியில் 2000களின் தொடக்கத்திலேயே சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி அன்னதானத்திற்குச் சமைக்கத் தொடங்கினர்.

போக்குவரத்திலும் வழி இருக்கிறது. கேடிஎம் கொமுட்டர் மின்ரயில் 2010 முதல் பத்துமலையின் வாசலுக்கே செல்கிறது. அரை மணி நேரம் காரில் நெரிசலில் எரிபொருளை எரித்துவிட்டு, பிறகு பாதயாத்திரை போவதில் என்ன புண்ணியம்? மூத்தோருக்கும் நோயாளிகளுக்கும் வாகனம் வேண்டும். மற்றவர்கள் ரயிலில் வரலாம், ஒரே பேருந்தில் கூடி வரலாம்.

அன்னதானம் தானத்தில் சிறந்தது. அதனாலேயே அதில் வீண் கூடாது. நீர் தேங்கிய நெல்வயல் மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. இலையில் மிஞ்சிய சோறு குப்பைமேட்டில் காற்றின்றி அழுகும்போதும் அதே வாயு வெளியேறுகிறது. இருபதாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைத் தேக்குவது அது. வருவோரை மதிப்பிட்டுச் சமைத்தல், கேட்டுப் பரிமாறுதல், மிஞ்சியதை அன்றே இல்லங்களுக்கு அனுப்புதல், எஞ்சிய இலைகளையும் மலர்களையும் உரமாக்குதல் ஆகியவை செலவில்லாத திருப்பணிகள். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்களில் யாரும் முழுதாக உண்ணாத பொட்டலங்களைக் குவிப்பதைவிட, பந்தல்கள் தமக்குள் பேசி முறைவைத்துக்கொள்வது மேல். சிதறுகாயிலும் எண்ணிக்கைப் பெருமை வேண்டியதில்லை. பிள்ளையாருக்கு நூறு காய் உடைத்தவரைவிட ஒரு காயை உள்ளன்போடு உடைத்தவருக்கு அருள் குறைவு என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இச்சமுதாயத்தின் கையில் விரதம் என்ற கருவி இருக்கிறது. காவடி எடுப்போர் 48 நாள் வரை புலால் நீக்கி, ஆடம்பரம் துறந்து, தரையில் படுத்து, புலனடக்கி வாழ்கின்றனர். குறைவாகக் கொண்டு நிறைவாக வாழ முடியும் என்பதை ஆண்டுதோறும் தங்கள் உடலாலேயே மெய்ப்பிக்கிறார்கள். உலகத் தலைவர்கள் மாநாடு கூடித் தேடும் பண்பு இதுவே. விரதம் முடிந்த மறுநாளே பழைய வேகத்தில் அனைத்தையும் மீட்டுக்கொள்ளாமல், அதில் ஒரு பகுதியேனும் ஆண்டு முழுவதும் தொடருமாயின், அதுவே முருகனுக்கு உகந்த காவடி.

தனிமனிதர் மாறினால் மட்டும் இக்கடன் தீர்ந்துவிடாது. மின்நிலையம் எதனால் இயங்க வேண்டும், பேருந்து எந்த வட்டாரத்திற்கு வர வேண்டும், எந்தக் காடு நிற்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்வோர் அரசாங்கங்களும் நிறுவனங்களும். மலேசியாவும் சிங்கப்பூரும் 2050ஆம் ஆண்டளவில் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்க உறுதி கூறியிருக்கின்றன. சிங்கப்பூர் 2019 முதல் கரிம வரி விதித்து வருகிறது. வாக்குக் கொடுத்தவர்கள் அதை நிறைவேற்றுகிறார்களா என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. தைப்பூச மேடைகளில் ஆண்டுதோறும் அரசியல் தலைவர்கள் மாலை ஏற்கின்றனர். மானியம் கேட்கும் அதே குரலில் இதையும் கேட்க வேண்டிய கடப்பாடு ஆலயத் தலைவர்களுக்கு இருக்கிறது.

தில்லை மரத்தின் சாட்சி

ஆடவல்லான் பதஞ்சலிக்கும் வியாக்கிரபாதருக்கும் தில்லையில் திருநடனம் காட்டியது தைப்பூச நாளில் என்பது மரபு. அத்தலத்தின் பெயருக்குக் காரணமான தில்லை மரம், உப்பங்கழியோரம் வளரும் சதுப்புநில மரம். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் அது இன்றும் காடாக நிற்கிறது. 2004இல் ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரக் காட்டின் பின்னே இருந்த சிற்றூர்கள், திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைந்த சேதத்துடன் தப்பின. அதே தில்லை மரம் மலேசியக் கடற்கரைகளிலும் சிங்கப்பூர்ச் சதுப்புநிலங்களிலும் வளர்கிறது. மலாய்க்காரர்கள் அதை 'பூத்தா பூத்தா' என்பர். இத்தகைய காடுகள் கரியமில வாயுவை உள்வாங்கி, வேரடிச் சேற்றில் பல காலம் பூட்டி வைக்கின்றன. அலையின் சீற்றத்தையும் தணிக்கின்றன.

தலமரத்தை வெட்டினால் தெய்வக் குற்றம் என்று அஞ்சிய முன்னோர், அம்மரத்தைக் கோயில் மதிலுக்குள் மட்டும் கண்டவர்கள் அல்லர். சிதம்பரத்துத் தில்லைக்குக் கைகூப்பும் பக்தர், கோலசிலாங்கூர்க் கரையில் நிற்கும் தில்லையை வெறும் புதர் என்று கடந்து போகலாகாது. ஆலயங்கள் தோறும் மாணவர் சமய வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆண்டுக்கு ஒரு நாளேனும் அம்மாணவரை அக்கரைக்கு அழைத்துச் சென்று, இதுவும் தலமரமே என்று காட்டினால், பல ஏடுகள் சொல்லாத சமயத்தை அந்த மரம் சொல்லும்.

பத்துமலைப் படியேறி நேர்த்திக்கடன் தீர்த்து இறங்கும் பக்தரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பட்ட கடனைத் தீர்த்தவருக்கே வாய்க்கும் நிம்மதி அது. அவர் தோளில் உறங்கும் குழந்தையின் பெயரில் வானத்தில் ஒரு கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதையும் தீர்க்கத் தொடங்கும் ஆண்டாக இவ்வாண்டு அமைய, வேலும் மயிலும் துணை நிற்கட்டும்.